அப்புவின் றலியும் மூன்று கிழமை யாழ்ப்பாணமும்

இந்த முறை ஊருக்குப் போனதற்கு நல்லூர்த் திருவிழா ஒரு காரணம். கோண்டாவில் வீட்டுக் கொட்டிலில் நின்ற, அப்புவின் (அம்மாவின் அப்பா) றலி என்ற பழைய இங்கிலாந்துச் சைக்கிள் மற்றக் காரணம். "ரயர் ரெண்டும் உக்கிப் போச்சு, பெடல் கடகடக்குது. பழைய இரும்பு எடுக்கிறவன் கேக்கிறான், குடுக்கட்டோ?" என்று மாமா ரெலிபோனில் கேட்ட அன்றே ரிக்கற் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சைக்கிள் ஓட வேண்டும். ஆனால் பார்க்கிறபோது அது அப்புவின் சைக்கிளாகவே தெரிய வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்து தரக்கூடிய ஆளை யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடித்த விபரத்தை, இதே எண்ணத்தோடு போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பலாலியில் இறங்கிய அன்று பின்னேரமே நானும் மாமாவும் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவைத்து, எதைத் தொடக் கூடாது என்று முதலில் முடிவெடுத்தோம். கழுத்தில் இருக்கும் நாரைத் தலைப் பித்தளைத் தகடு. கறுப்புப் பெயின்ற், அதன்மேல் அரைவாசி அழிந்துபோன பொன் கோடுகள். முன் மட்காட்டில் ஒரு நெளிவு. அது 1995 ஒக்டோபர் 30 இரவு வந்தது. போருக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில், அம்மம்மாவின் பெட்டியையும் அரிசிச் சாக்கையும் கட்டிக்கொண்டு மாமா இந்தச் சைக்கிளை நாவற்குழிப் பாலத்தால் உருட்டிப் போனவர். சன நெரிசலில் மட்காட் பாலத்துக் கட்டோடு நசிந்தது. தட்டி நிமிர்த்த இரண்டு நிமிடம் போதும். அது நிமிரக் கூடாது என்பதில் மாமா உறுதியாக நின்றார்.

கடைசியாக டைனமோ. அதன் அடியில் ஈயம் பிடித்து ஒட்டிய இரண்டு வயர்த் துண்டுகள் இன்னும் தொங்குகின்றன. தொண்ணூறுகளில் கரண்டும் இல்லை, பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் றேடியோவில் காதை வைத்துச் செய்தி கேட்ட வயர்கள் அவை. எட்டு வயதில் நானும் சுற்றியிருக்கிறேன். வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கும், "சுத்தடா" என்று அப்பு அதட்டுவார்.

முதலில் கொண்டுபோனது நகரத்தில் ஒரு பெரிய கடைக்கு. மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். "அண்ணை, பெயின்ற் அடிச்சு ஸ்ரிக்கர் ஒட்டினால் புதுசு மாதிரி வரும்" என்றார்கள். பெயின்ற் வேண்டாம், பெடல் அச்சுக்கு மட்டும் வேலை செய்தால் போதும் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தேன். அங்கேதான் பிழை விட்டேன், பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அடுத்த நாள் போனால், அச்சின் இடப்பக்கம் புது இந்தியக் கப் (அச்சு சுற்றும் போல்ஸைப் பிடித்துவைக்கும், பிறேமில் திருகி ஏற்றும் வளையம்) ஒன்று அரைவாசி ஏறிச் சரிந்துபோய் இறுகி நிற்கிறது. பெரிய சாவி போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

றலி வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண இங்கிலிஷ் அளவுக் கப்புக்கு ஓர் அங்குலத்துக்கு 24 புரி, அதாவது திருகு வெட்டு. நொட்டிங்காம் றலித் தொழிற்சாலை பழைய சைக்கிள்களுக்கு வெட்டியது 26 புரி. விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் முதல் இரண்டு சுற்று ஏறும், ஏறி இறுகும், மேலும் இறுக்கினால் பிறேமின் புரியைத் தின்றுவிடும். பழைய கப் எங்கே என்று கேட்டேன். கழிவு இரும்பு வாளியைக் காட்டினார்கள். குந்தியிருந்து கிண்டி எடுத்தேன். அதற்குள் கையை விட்டு அளைந்தபோது இருந்த பதற்றம் இப்போதும் நினைவிருக்கிறது. கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு வேப்ப மரத்தடியில் வேலை செய்யும் ஐயா ஒருவரிடம் மாமாவின் கூட்டாளி அனுப்பிவைத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். புரிக்குள் நகத்தை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "றலிக்கு றலிக் கப்தான் தம்பி ஏறும்" என்றார். பிறகு ஒரு மா ரின்னைக் கவிழ்த்தார். அதற்குள் தேய்ந்துபோன றலிக் கப் ஒன்று, சாணைக் கல்லில் குறுக்கே இரண்டு வெட்டுப் போட்டு வைத்திருக்கிறார். அதுதான் அவருடைய புரி வெட்டும் கருவி. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, வந்த இரும்புத் தூளைத் துணியால் துடைத்து, மறுபடி அரைச் சுற்று. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இடையில் வந்தவர்களுக்குக் காற்றடித்தும் கொடுத்தார். பிறகு எங்கள் பழைய கப்பையே எடுத்துக் கழுவி, பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலப் புது போல்ஸ் (இரும்புக் குண்டுகள்) அடுக்கி, கிறீஸ் வைத்து மூடினார். பெடலைத் தட்டிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் கொட்டர் பின்னை அடிக்கும்போது தண்டுக்குக் கீழே ஓர் இரும்புக் குழாயை நிலத்திலிருந்து முட்டுக் கொடுத்தார். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி போல்ஸில் இறங்கிக் கப்பில் குழி விழும்.

பின் சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது எழுத்துத் தெரிந்தது. ஸ்ரேமி ஆச்சர் என்ற கம்பனிப் பெயர், ஏ டபிள்யூ, கீழே 54, அதற்கும் கீழே 3. மூன்று கியர் ஹப், 1954 மார்ச்சில் செய்தது. 1955-இல் மாமா பிறந்த பிறகு அப்பு வாங்கிய சைக்கிள் என்று அம்மம்மா சொல்லிவந்தவ. கப்பலில் வந்து கடையில் நின்ற காலத்தைக் கூட்டினால் கணக்குச் சரி. அறுந்துபோன கியர்ச் சங்கிலியை ரொறன்ரோவிலிருந்தே கொண்டு போயிருந்தேன். அந்தக் கம்பனி 2000-இல் தைவான்காரர் கைக்குப் போனாலும் இந்தச் சாமானை இன்னும் செய்கிறது. கொட்டர் பின், போல்ஸ், பிறேக் கட்டை, 28 அங்குல ரயர் எல்லாம் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும். பெட்டியில் சுமக்க வேண்டாம்.

றிம்மின் துருவுக்கு ஐயா உரசும் மண் கடதாசி போடவில்லை. சமையல் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்து மெதுவாகத் தேய்த்தார். மேலே நின்ற துரு கறுப்புச் சேறாக வழிந்தது, குறோம் கழன்ற இடத்துக் கபிலப் புள்ளிகள் அப்படியே நின்றன. பொன் கோட்டுப் பக்கம் ஈரத் துணி மட்டும்தான் போனது. மண்ணெண்ணெயும் தின்னரும் அங்கே போகவே கூடாது, கோடு துணியோடு வந்துவிடும்.

பின் சில்லில் ஏழு கம்பி மாற்ற வேண்டி வந்தது. புதுக் கம்பிகள் நாற்பதுக்குள் பளிச்சென்று கண்ணைக் குத்தின. ஐயா அவற்றைப் பழப்புளிக் கரைசலில் ஓர் இரவு போட்டுவைத்து, காலையில் நன்றாகக் கழுவி எண்ணெய் தடவிப் பூட்டினார். நாகப் பூச்சு மங்கிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. புதுச் செயினையும் அப்படிப் பழசாக்கலாமோ என்று ஆசையில் கேட்டேன். "மங்கச் செய்யலாம் தம்பி, துருப்பிடிக்கச் செய்யப்படாது. ஓடுற சாமான் எல்லோ" என்றார். அவர் சொன்னது சரி. புதுச் செயினுக்கும் வயது தானாக வரட்டும்.

புறூக்ஸ் சீற்றுத் தோல் நடுவில் வெடித்திருந்தது. புதுசு வாங்கலாம், ஆனால் அந்தத் தோலில் இருக்கும் பள்ளம் அப்பு இருந்து இருந்து விழுந்த பள்ளம். சந்தைப் பக்கம் தோல் வேலை செய்யும் ஒருவர் அடிப்பக்கத்தில் கன்வஸ் துண்டு வைத்துப் பசையும் தையலுமாகப் பிடித்துத் தந்தார். மேலே நூல் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் பூசலாம் என்று ஊரில் பலரும் சொன்னார்கள். பூசவில்லை. தோல் ஊறித் தொய்ந்துவிடும். மெழுகு மட்டும்தான் பூசினேன்.

எல்லா வேலைக்கும் ஐயா கேட்ட கூலி, ரொறன்ரோவில் ஒரு பஞ்சர் ஒட்டக் கேட்கும் காசுதான். கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்தார், மாமா சட்டைப் பையில் வைத்துவிட்டார். போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: கழற்ற முதல் படம் எடுங்கள், ஒரு வாங்கைக் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே இருங்கள், கழற்றிய ஒவ்வொரு சாமானையும் கையில் வாங்குங்கள். திருவிழா நாட்களில் சனமும் வேலையும் கூட, அதற்கேற்ப நாளை ஒதுக்குங்கள்.

இரண்டாவது கியர் இன்னும் சில நேரம் வழுக்குகிறது. ஹப்பைத் திறக்க நாள் போதவில்லை, அது அடுத்த முறைக்கு இருக்கிறது. கழற்றிய பழைய கம்பி, போல்ஸ், செயின் எல்லாம் நெஸ்பிரே ரின் ஒன்றில் போட்டு மூடியில் மாமா திகதி எழுதிவைத்தார். நான் வெளிக்கிட்ட நாள் காலை, நெளிந்த மட்காட்டோடு அதில் ஏறிச் சந்தைக்குப் போய் முருங்கைக்காய்க் கட்டொன்று வாங்கிவந்தார்.