பால்டர்ஸ் கேட் 3: நெடுநாள் ஆடியபின்

பழைய பாணி கம்ப்யூட்டர் ஆர்பிஜிகளை (ஒரு பாத்திரமாக மாறிக் கதையை நடத்திச் செல்லும் கேம்களை) இனி யார் ஆடுவார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த கேம்தான். 2023 ஆகஸ்டில் வெளியானது. அந்த மாதமே, கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 8.7 லட்சம் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து விட்டு விட்டு ஆடிவருகிறேன், இன்னும் அலுக்கவில்லை.

விதிகளை எளிமையாக்கியதால் கூட்டம் வரவில்லை. மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் விதிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் கணக்கை ஒளித்து வைக்காமல் கண்முன்னே போடுகிறார்கள். காவலாளியிடம் பொய் சொல்லத் துணிந்தால் 20 முகப் பகடை திரையின் நடுவில் வந்து நிற்கும். 15 வேண்டும், 11 விழுகிறது, பேச்சுத் திறமைக்காக 3 வந்து சேர்கிறது. ஒன்றில் போயிற்றே! தோற்றாலும் பெரும்பாலும் கதை முட்டி நிற்காது, வேறு பக்கம் திரும்பும். ஆர்பிஜி பக்கமே வராத என் தங்கையை உட்கார வைத்தது இந்தப் பகடைதான். இப்போது திரையை இரண்டாகப் பிரித்து, ஸ்பிளிட் ஸ்கிரீனில் சேர்ந்தே ஆடுகிறோம்.

குரல் நடிப்பும் சினிமா மாதிரியான காட்சிகளும்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான். 2018இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2: டெட்ஃபயரிலும் உரையாடல்களுக்கு முழுக் குரல் உண்டு, எழுத்தும் அருமை. ஆனாலும் தொடக்கத்தில் விற்பனை மந்தம். அதில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், நாம்தான் நிறுத்தி நிறுத்திக் கட்டளையிட வேண்டும். நம் குழுவின் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது யார் எதனால் விழுந்தார் என்பது புதியவருக்குப் புரியாது. 2019இல், ஒருவர் பின் ஒருவராக அடிக்கும் டர்ன் முறையைச் சேர்த்தார்கள். ஆனால் சண்டைகள் ஓடும் வேகத்துக்காக அமைக்கப்பட்டவை, அதனால் சின்ன மோதல்கூட இழுத்துக்கொண்டே போகும்.

பால்டர்ஸ் கேட் 3ஐ உருவாக்கிய லேரியன் நிறுவனத்தார் டர்ன் முறையிலேயே பழுத்தவர்கள். 2014, 2017ஆம் ஆண்டுகளின் டிவினிட்டி ஒரிஜினல் சின் கேம்களில் செய்துபார்த்ததை இங்கே மெருகேற்றினார்கள். சண்டை குறைவு, ஒவ்வொன்றும் ஒரு புதிர். தரையில் எண்ணெயைக் கொட்டித் தீ வைக்கலாம், மேட்டில் நிற்பவனைத் தள்ளிவிடலாம். யோசிக்க எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தே பெரும்பங்காக உள்ள கேம்களுக்கு இந்தக் கூட்டம் வராது என்றே நினைக்கிறேன். 2015இன் முதல் பில்லர்ஸ் எனக்கு உயிர். தங்கை அரை மணி நேரத்தில் மூடிவிட்டாள். புதிதாக வருகிறவர்கள் பால்டர்ஸ் கேட் 3ஐ எக்ஸ்ப்ளோரர் என்ற எளிய நிலையில் தொடங்குங்கள். வாசிப்பில் ருசி உள்ளவர்கள் அடுத்து பில்லர்ஸுக்கு வாருங்கள்.