இப்போதே நீண்ட ஒப்பந்தமா, ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்வரை பொறுப்பதா?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் கால்பதித்த இளம் வீரரின் மிகப் பெரிய பண முடிவு இதுதான். 172 நாள் அணியில் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. பொதுவாக முதல் 3 ஆண்டும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வரும் (2025இல் 7,60,000 டாலர்). அடுத்த 3 ஆண்டு பேரம்; படியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 6 முடிந்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் பேசி ஒப்பந்தமிடும் விடுதலை.

தொகை
முன்கூட்டி: ரொனால்ட் அக்குன்யா 2019இல், 21 வயதில், 8 ஆண்டுக்கு 10 கோடி டாலர்.
பொறுத்தால்: ஹுவான் சோட்டோ 2022இல் தன் அணி தர முன்வந்த 44 கோடி டாலரை மறுத்தார், 2024 டிசம்பரில் 15 ஆண்டுக்கு 76.5 கோடி.

காயம்
முன்கூட்டி: அக்குன்யாவுக்கு 2021, 2024 என இரு முழங்கால்களிலும் தசைநார் கிழிந்தது. சம்பளம் நிற்கவில்லை.
பொறுத்தால்: அணி நவம்பரில் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தராமலே விட்டுவிடலாம்.

வயது
கவனிக்காமல் விடப்படுவது இதுதான். அக்குன்யா ஒப்பந்தத்தில் 2027, 2028க்கு அணியின் விருப்ப உரிமை உண்டு, ஆண்டுக்கு 1.7 கோடி; அதாவது அந்த ஆண்டுகளில் அவரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை அணியே முடிவு செய்யும். இரண்டையும் அணி எடுத்தால் அவர் சந்தைக்கு வரும்போது வயது 31ஐ நெருங்கிவிடும். சோட்டோ 26இலேயே வந்தார். விலையைத் தீர்மானிப்பது அந்த 5 ஆண்டு.

சேமிப்பே இல்லாத குடும்பத்திலிருந்து வந்தவரும், முழங்கையை நம்பிப் பிழைக்கும் பந்துவீச்சாளரும் முன்கூட்டியே கையெழுத்திடட்டும். ஆனால் விருப்ப ஆண்டு ஒன்றுக்கு மேல் தரவேண்டாம். 20 வயதுக்குள் மேஜர் லீகை எட்டிய, கையில் ஓரளவு பணமுள்ள மட்டையாளர் பொறுப்பதே சரி.