பினாங்கில் ஆறு மாதம் எஃப்-டிராய்ட்: கதவு திறந்திருந்தும் கூட்டம் சேராத கடை

ஆறு மாதங்களுக்கு முன் பிராங்கின் மாலில் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை வாங்கியபோது, கூகிளின் பிளே ஸ்டோரைத் தொடாமல் எஃப்-டிராய்ட் என்னும் மாற்றுச் செயலிக் கடையை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று பார்க்க நினைத்தேன். செயலிச் சந்தைகளைப் போட்டிக்குத் திறந்துவிட வேண்டுமா என்று பல நாடுகள் வழக்காடிக்கொண்டிருக்கையில், போட்டிக் கடை ஒன்றில் புழங்கிப் பார்க்காமல் கருத்துச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டே நாள்தான் தாங்கினேன். அதற்குப் பின் இரண்டு கடைகளையும் சேர்த்தே பயன்படுத்தி வருகிறேன்.

2010-இல் தொடங்கப்பட்ட இந்தக் கடையில் கட்டற்ற மென்பொருள்கள், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் உரிமை தருபவை, மட்டுமே கிடைக்கும். கணக்குத் திறக்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் முகவரி கேட்பதில்லை. செயலியை உருவாக்கியவர் அனுப்பும் கோப்பை அப்படியே அடுக்கி வைக்காமல், பெரும்பாலும் அதன் மூல நிரலை எடுத்துத் தாங்களே கட்டமைத்துத் தருகிறார்கள்; பயனரைப் பின்தொடரும் நிரலோ விளம்பரமோ இருந்தால் செயலியின் பக்கத்திலேயே எச்சரிக்கை எழுதி வைக்கிறார்கள். நட்சத்திர மதிப்பீடும் இல்லை, எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கும் இல்லை. முதலில் இது கண்ணைக் கட்டிவிட்டதுபோல் இருந்தாலும், விவரக்குறிப்பைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் மெல்ல வந்துவிட்டது. பாட்காஸ்ட் எனப்படும் ஒலித் தொடர்கள் கேட்க ஆண்டெனாபாட், படம் பார்க்க விஎல்சி, வழி பார்க்க ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய மூன்றும் எனக்கு நிலைத்துவிட்டன. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் கூட்டம் நெருக்கி இணையம் திணறியபோது, முன்பே இறக்கி வைத்திருந்த வரைபடம்தான் வண்டி நிறுத்திய சந்துக்கு என்னைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதே வண்டிதான் என் சோதனையையும் முடித்துவைத்தது. வாகன நிறுத்தக் கட்டணம் செலுத்தும் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலி இக்கடையில் இல்லை. டச் அண்ட் கோ மின்பணப்பையும் வங்கிச் செயலிகளும் இல்லை. மூல நிரலை வெளியிடாத எதுவும் உள்ளே வர முடியாது என்பது கடையின் கொள்கை. ஆகவே இதைக் குறையென்று சொல்ல முடியாது. ஆனால் அன்றாட வாழ்க்கை நடத்தத் தேவையான செயலிகள் ஒரே கடையில் குவிந்துகிடக்கும்போது, பக்கத்துக் கடை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அது துணைக்கடையாகவே இருக்கும்.

என் பார்வையில் சிக்கலே இங்குதான் இருக்கிறது. ஐபோனில் வேறு கடைக்கு வழியே இல்லாதிருந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு 2024 மார்ச்சில் அந்தக் கதவைத் திறக்க வைத்தது. ஆண்ட்ராய்டிலோ கதவு தொடக்கத்திலிருந்தே திறந்துதான் இருந்தது. அப்படியிருந்தும் ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில், கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று அமெரிக்க நடுவர் குழு 2023 டிசம்பரில் முடிவு சொன்னது. கதவு திறந்திருப்பது மட்டும் போட்டியாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கைப்பேசியில் முன்கூட்டியே பதிந்து வரும் கடை எது, செயலிக்குள் பணம் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற இரண்டையும் தொடாத சட்டத்தால் பயன் குறைவு. மலேசியாவில் 2012 முதல் நடப்பிலுள்ள போட்டிச் சட்டம் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. ஐரோப்பாவில் இருப்பதுபோலச் செயலிச் சந்தைக்கான தனி விதிகள் இங்கே இல்லை.

புக்கிட் மெர்தாஜாமில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காகப் பயிற்சிச் செயலி நடத்தும் தோழி ஒருவர், விற்பனையில் செயலிக் கடைகள் எடுத்துக்கொள்ளும் தரகுத் தொகை தமக்குப் பெரிய பாரமில்லை என்கிறார். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குக் குறைவாக ஈட்டுவோருக்கு ஆப்பிள் 2021 ஜனவரியிலிருந்து 30 விழுக்காட்டை 15 ஆகக் குறைத்தது; அதே ஆண்டு கூகிளும் முதல் பத்து லட்சம் டாலர் வருவாய்க்குக் குறைத்தது. பத்து வெள்ளிப் பயிற்சித் தொகுப்பில் ஒன்றரை வெள்ளி போகிறது, அவ்வளவுதான். (எபிக் வழக்குத் தொடுத்தது 2020 ஆகஸ்டில் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், கேட்க ஆள் வந்த பிறகுதான் விலை இறங்கியது.) அவருடைய கவலையெல்லாம் தேடலில் தம் செயலி எந்த இடத்தில் வருகிறது என்பதே. எஃப்-டிராய்டில் வைக்கலாமே என்றேன். நிரலை வெளியிட்டுவிட்டால் எதை விற்பது என்று சிரித்தார்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃப்-டிராய்டை நிறுவுவதற்கே, வெளியிலிருந்து வரும் செயலிகளை ஏற்கும் அனுமதியைக் கைப்பேசி அமைப்பில் திறந்துவிட வேண்டும். புலனத்தில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடிக்காரர்கள் தேடுவதும் இதே அனுமதியைத்தான். கோப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, நிறுவி முடித்ததும் அனுமதியை மூடத் தெரிந்தவர்களுக்கு இக்கடையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். என் பெரியம்மாவுக்கும் அதே வரைபடம் பிடித்துப்போய்த் தமக்கும் வேண்டுமென்று கேட்டார். அவருக்கு அதைப் பிளே ஸ்டோரிலிருந்துதான் இறக்கிக் கொடுத்தேன்.