பெல்ட்டா, சிப்பா, ஜிபிஎஸ்ஸா? தொலைந்த செல்லம் வீடு திரும்ப எது உதவும்

நாய் காணாமல் போன அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. எங்கள் நாய் வெடிச்சத்தம் கேட்டு மிரண்டு ஓடி, இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. கழுத்து பெல்ட்டில் தொங்கிய தகட்டில் எங்கள் போன் நம்பர் இருந்தது. ஆனால் தகடு கல்லிலும் மண்ணிலும் உரசி உரசித் தேய்ந்திருந்ததால், கடைசி எண் 1 என்றும் படிக்கலாம், 7 என்றும் படிக்கலாம். கண்டெடுத்தவர் பொறுமைசாலி. இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரே அழைப்போடு அவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அதற்கு அடுத்த வாரமே மைக்ரோசிப் போட்டோம். ஆனால் பெல்ட்டைக் கழற்றவில்லை. ஏன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

சிப் பற்றிப் பலரிடம் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "சிப் இருக்கு, எங்க போனாலும் போன்ல பாத்துக்கலாம்" என்கிறார்கள். பார்க்க முடியாது. அது அரிசி மணி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி: சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே பேட்டரி கிடையாது. ஸ்கேனரைச் சில சென்டிமீட்டர் அருகில் கொண்டுவந்தால், அதிலிருந்து வரும் ரேடியோ அலையிலேயே சக்தி பெற்று ஒரு எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும். உலக அளவில் ஒப்புக்கொண்ட ஐஎஸ்ஓ தரத்தில் அது 15 இலக்க எண், அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். உங்கள் பெயரோ முகவரியோ சிப்பில் இல்லை. அவை ஏதோ ஒரு பதிவேட்டில், அந்த எண்ணுக்கு எதிரே இருக்கின்றன. பதிவு செய்யவில்லை என்றால் அது வெறும் எண்தான்.

போடுவது எளிது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஓர் ஊசி, தடுப்பூசி ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன். மயக்க மருந்து பொதுவாகத் தேவைப்படாது.

இதற்குப் பலன் உண்டா? நன்றாகவே உண்டு. அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களில் எடுத்த கணக்கு 2009-ல் வெளியானது. திரிந்து பிடிபட்டு வந்த நாய்களை மொத்தமாகப் பார்த்தால் 21.9 சதவீதம்தான் வீடு திரும்பின. சிப் உள்ள நாய்களில் அது 52.2 சதவீதம். பூனைகளின் கணக்கைப் பார்த்தபோது எனக்கு மனது கனத்துப் போனது. மொத்தத்தில் 1.8 சதவீதம், சிப் இருந்தால் 38.5 சதவீதம். சிப் போடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் அக்கறையாக இருப்பார்கள், தேடுவதிலும் விடமாட்டார்கள். அதனால் இந்த வித்தியாசம் முழுவதையும் சிப்பின் கணக்கில் எழுத முடியாது. அப்படியே கழித்துக்கொண்டாலும் பூனைக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிப் இருந்தும் சொந்தக்காரரைப் பிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், பதிவில் இருந்த போன் நம்பர் தவறாக இருந்ததோ, இணைப்பே இல்லாமல் போனதோதான்: 35.4 சதவீதம். சிப் தயாரித்த நிறுவனத்தின் பதிவேட்டில் இல்லாமல் வேறு பதிவேட்டில் பதிந்திருந்தவை 17.2 சதவீதம். பதிவே செய்யாதவை 9.8 சதவீதம். ஆக, சிப் பழுதாவதைவிட நாம் நம்பரை மாற்றிவிட்டு மறந்துபோவதுதான் பெரிய சிக்கல். நாயை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும் இதே கதைதான். நாய் போய்விடும், பெயர் பழைய வீட்டிலேயே இருக்கும்.

பெல்ட்டும் தகடும் இங்கேதான் ஜெயிக்கின்றன. தொலைந்த நாயை முதலில் பார்ப்பவர் கையில் ஸ்கேனர் இருக்காது. தெருவில் போகும் யாரோ ஒருவர்தான் பார்ப்பார். குனிந்து நம்பரைப் படித்தால் பத்து நிமிடத்தில் நாய் வீட்டில் இருக்கும், காப்பகத்துக்கே போக வேண்டியதில்லை. பெல்ட் இருப்பதாலேயே 'இது யார் வீட்டு நாயோ' என்று அவருக்குத் தோன்றும், அதுவும் பெரிய விஷயம். குறை என்ன? கழன்றுவிடும், தேயும், திருடுகிறவன் முதலில் அதைத்தான் அவிழ்ப்பான். போன் கேமராவில் ஸ்கேன் செய்து படிக்கும் கியூஆர் தகடு வாங்குவதானால் பின்பக்கத்தில் நம்பரையும் ஆழமாகப் பொறித்துவிடுங்கள்.

பூனை பெல்ட்டையே தாங்காது என்பார்கள். அது முழு உண்மை இல்லை. 538 பூனைகளுக்கு மாட்டிப் பார்த்த ஓர் ஆய்வில் 72.7 சதவீதம் ஆறு மாதமும் போட்டிருந்தன. ஆனால் கிளையில் மாட்டினால் தானே விடுபடும் வகை பெல்ட்தான் பூனைக்குப் போட வேண்டும். விடுபட்டுவிட்டால் தகடும் போச்சு. அதனால் பூனைக்கு சிப்தான் முதலில், பெல்ட் அப்புறம்.

ஜிபிஎஸ் கருவி செய்வது வேறு வேலை: செல்லம் இருக்கும் இடத்தை உங்கள் போனில் காட்டும். யாரோ கண்டெடுக்கும்வரை காத்திருக்காமல், நீங்களே போய்ப் பிடிக்கலாம். வேலி தாண்டி ஓடும் பழக்கமுள்ள நாய்க்கும், வேட்டை மோப்பத்தில் காட்டுக்குள் போய்விடும் நாய்க்கும் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் சார்ஜ் தீரும், சிக்னல் இல்லாத இடத்தில் ஊமையாகும், மாதச் சந்தா கேட்கும், சின்னப் பூனைக்குக் கழுத்தில் பாரம். எல்லாவற்றுக்கும் மேல், அதுவும் பெல்ட்டில்தான் தொங்குகிறது. ஏர்டேக் மாதிரி புளூடூத் வில்லைகள் பக்கத்தில் யாருடைய போனாவது இருந்தால்தான் இடம் சொல்லும். ஆளில்லாத இடத்தில் அதை நம்ப மாட்டேன்.

அடையாள எண்ணைப் பச்சை குத்தும் பழைய முறையை இன்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காதுக்குள் மங்கிப்போகும், முடி மூடிவிடும். ஐரோப்பிய ஒன்றியப் பயணத்துக்கும் 2011 ஜூலை 3-க்கு முன் குத்திய, தெளிவாகப் படிக்க முடிகிற பச்சைதான் செல்லும். அதற்குப் பிறகானவற்றுக்கு சிப் கட்டாயம். இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரல் முதலும் பூனைகளுக்கு 2024 ஜூன் முதலும் சிப்பைச் சட்டமே ஆக்கிவிட்டார்கள்.

என் முடிவு இதுதான். நாய்க்கு நம்பர் பொறித்த தகடும் சிப்பும் இரண்டும் வேண்டும். ஓடிப்போகிற நாயானால் ஜிபிஎஸ்ஸும் சேர்த்து. வீட்டைவிட்டு வெளியே வராத பூனைக்கும் சிப் போடுங்கள். வெளியுலகமே தெரியாத பூனை ஒருநாள் வெளியே போய்விட்டால், பயத்தில் ஒளிந்துகொள்ளும், குரல்கூடக் கொடுக்காது.

சிப் போட்டாச்சு என்று விட்டுவிடவும் வேண்டாம். வருடத் தடுப்பூசிக்குப் போகும்போது ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். போன முறை எங்கள் நாயின் தோள்பட்டை மேல் ஸ்கேனரை வைத்தபோது சத்தமே வரவில்லை. எனக்கு நெஞ்சு திக்கென்றது. மருத்துவர் அவசரப்படாமல் கழுத்து, இரண்டு பக்கத் தோள்கள் என்று மெதுவாக வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். இடது முன்னங்கால் பக்கம் வந்ததும் 'பீப்'. சிப் தோலுக்கடியில் நகர்ந்து கீழே இறங்கியிருந்தது. சில சமயம் அப்படி நகரும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். 15 எண்களையும் அட்டையோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அன்று மாலையே பதிவேட்டைத் திறந்து, என் நம்பருக்குக் கீழே தங்கையின் நம்பரையும் சேர்த்தேன்.