பிரிட்ஜ் போட்டு 9 வருடம்: பல் பரவாயில்லை, அதன் அடிப்பக்கம்தான் வேலை வைக்கிறது

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்த பிறகு, அந்த இடத்தை 2 வருடம் அப்படியே விட்டிருந்தேன். வெளியே தெரியாத இடம்தானே என்ற அலட்சியம். அதற்குள் பின்னால் இருந்த பல் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. மேல் பல்லும் முட்டுவதற்கு ஆளில்லாமல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட்டா, இருபக்கப் பற்களுக்கும் கேப் (உறை) மாட்டி நடுவில் செயற்கைப் பல்லைத் தாங்க வைக்கும் பிரிட்ஜா என்று மருத்துவர் கேட்டபோது பிரிட்ஜ் என்றேன். அறுவை இல்லை, எலும்பு பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் இல்லாத ஒரு பல்லுக்காக, இருக்கிற 2 பற்களை ராவ வேண்டும் என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. முடிந்ததும் நாக்கால் தடவிப் பார்த்தேன். இரண்டும் சின்ன முளை மாதிரி நின்றன. ராவிய பல் திரும்ப வளராது, இனி எப்போதும் அதற்கு மேலே ஒரு கேப் இருந்தாக வேண்டும். இருபக்கப் பற்களும் பழுதில்லாமல் இருந்தால், இன்றைக்கு நான் இம்ப்ளான்ட் பக்கம்தான் போவேன். ஏற்கெனவே கேப் தேவைப்படும் பற்கள் என்றால் பிரிட்ஜ் போடத் தயங்க மாட்டேன்.

ஒட்டிய புதிதில் கடிக்கும்போது ஓரிடம் மட்டும் முதலில் தட்டியது. பழகிவிடும் என்று 4 நாள் இழுத்தடித்ததில் தாடையே வலித்தது. நீலத்தாளைக் கடிக்க வைத்து, கறை பட்ட இடத்தை மருத்துவர் லேசாகத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

மெல்லுவதில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாதத்தில் அது செயற்கை என்பதே மறந்துவிட்டது, வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது. 3 பல்லும் ஒரே துண்டு என்பதால், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் மேலிருந்து இறங்காது. வளையம் வைத்த பிளாஸ்டிக் ஊசியில் கோத்து, ஈறுக்கும் நடுப்பல்லுக்கும் நடுவே பக்கவாட்டில் விட வேண்டும். 3 வருடம் நான் அதைச் செய்யவே இல்லை. முதல்முறை விட்டு இழுத்த நூலை முகர்ந்து பார்த்தவன், அன்றிலிருந்து ஒரு ராத்திரியும் தவறவிட்டதில்லை.

பீங்கானுக்குச் சொத்தை வராது, தாங்கும் பல்லுக்கு வரும். 6ஆம் வருடம் வாயில் ஒரு கெட்ட சுவை வந்துகொண்டே இருந்தது. விரலால் அழுத்தினால் கேப் ஓரத்தில் எச்சில் குமிழி விட்டது. ஒரு பக்க சிமென்ட் விட்டுப்போயிருந்தது. மறுபக்கம் பிடித்துக்கொண்டிருந்ததால் ஆட்டமே தெரியவில்லை. தட்டிக் கழற்றி, உள்ளே தொடங்கியிருந்த சொத்தையை அடைத்து, அதே பிரிட்ஜைத் திரும்ப ஒட்டினார்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுகிறேன்.

இப்போது நடுப்பல்லுக்கு அடியில் எலும்பு தேய்ந்து ஒரு சந்து விழுந்திருக்கிறது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் அதற்குள் புகுந்து வெளியேறுவது தெரிகிறது. ஈறு இறங்கியதில் கேப்பின் உலோக விளிம்பு கருங்கோடாகத் தெரிகிறது. சிரித்தால் தெரியாத இடம், விட்டுவைத்திருக்கிறேன்.