சில்லுமூக்கு: ஒரு துளையா, இரண்டுமா?

பதின்வயதில் சில்லுமூக்கு உடைவது, அதாவது மூக்கில் ரத்தம் வடிவது, பெரும்பாலும் நடுச்சுவரின் முன்பக்கம், ரத்தக்குழாய்கள் கூடும் லிட்டில் பகுதியில்தான். நோண்டுவது, வறண்ட காற்று, ஸ்டீராய்டு ஸ்பிரேயை நடுச்சுவரைப் பார்த்து அடிப்பது எல்லாம் அதைப் புண்ணாக்கும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10–15 நிமிடம் விடாமல் அழுத்தினால் நின்றுவிடும். இடையிடையே விட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் நிற்பதே இல்லை. சரியாக அழுத்தியும் அரைமணி நேரம் ஓடினாலோ, மயக்கம் வந்தாலோ அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அடிக்கடி இப்படி ஆனால் சந்தேகம் இரண்டு பக்கம் போகும்: ரத்தம் உறைவதில் கோளாறு, அல்லது மூக்கின் பின்னால் கட்டி.

உறைதல் கோளாறில் மாறி மாறி இரு துளைகளிலும் வடியும். எளிதில் கன்றிப்போகும் தோல், பல் பிடுங்கியபின் நிற்காத ரத்தம், பெண்பிள்ளைகளுக்கு அதிக மாதவிடாய், குடும்பத்தில் இதே கதை என்று துப்பு கிடைக்கும். முதலில் தட்டணுக்களோடு முழு ரத்த எண்ணிக்கை, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பிடி (PT), ஏபிடிடி (aPTT) சோதனைகள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மூன்றும் சரியாக இருந்தாலும் வான் வில்லிபிராண்ட் நோய் இருக்கலாம்; ரத்தம் உறைய உதவும் அதே பெயருள்ள புரதம் (காரணி) குறைவதோ சரியாக வேலை செய்யாததோதான் அது. அந்தக் காரணியின் அளவையும் செயல்பாட்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். காய்ச்சல், பதற்றம், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அதை உயர்த்திக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் உடல் தேறியபின் மறுபடி எடுக்க வேண்டும். ஓ ரத்தவகையினருக்கு இந்தக் காரணி இயல்பிலேயே குறைவு. வெளிறல், தோலில் சிவப்புப் புள்ளிகள், காய்ச்சல் சேர்ந்தால் ரத்தப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். முழு எண்ணிக்கையை அன்றே பார்ப்பது நல்லது.

கட்டியின் போக்கு வேறு. பையன், ஒரே துளையில் ரத்தம், அதே பக்கம் மாதக்கணக்கில் அடைப்பு என்றால் மூக்கின் பின்னால் வளரும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டியை நினைக்காமல் விடக்கூடாது. அது புற்றுநோய் அல்ல, ஆனால் ரத்தக்குழாய்களால் நிறைந்தது. எண்டோஸ்கோப்பில் தெரிந்தவுடன் சதை கிள்ளிப் பார்க்கக் கூடாது, ரத்தம் அடங்காது. சாயம் ஏற்றி எடுக்கும் (கான்ட்ராஸ்ட்) சிடி, எம்ஆர்ஐ படங்களே உறுதி செய்யும். அறுவைக்கு ஓரிரு நாள் முன் ஊட்டும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் இழப்பு குறையும்.

இந்த இரண்டும் அல்லாமல், அடிக்கடி ரத்தம் வடிய வைக்கும் பரம்பரை ரத்தக்குழாய் விரிவு நோயும் உண்டு; அது அரிது. உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் புள்ளிகள் இந்த வயதில் இன்னும் தோன்றாமல் இருக்கலாம் என்பதால், பெற்றோரின் உதட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.