வம்சாவளி தேடித் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்

என் மாமனார் ஆங்கிலேயர். அவருடைய முன்னோர் நார்ஃபோக் பகுதியின் விவசாயக் கூலிகள். அவரது எண்பதாவது பிறந்தநாளுக்காக, பழைய ஆலயப் பதிவேடுகளிலிருந்து வம்சாவளி தொகுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 600 பவுண்டு முன்பணம் கொடுத்தேன். கண்ணாடிச் சட்டமிட்டு வந்த அந்த வம்சாவளியில், 1726 பிப்ரவரியில் ஞானஸ்நானம் பெற்ற ஜான் என்பவருக்கு நேரே, 'பெற்றோர் திருமணம் 1726 மே. மணத்துக்கு முன் பிறந்தவர்' என்று எழுதியிருந்தது. விருந்தினர் முன்னிலையில் அதை உரக்கப் படித்த மாமனார் பாதியில் நிறுத்திவிட்டார்.

இங்கிலாந்தில் 1751 வரை ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே 1726 மே மாதத்துக்குப் பிறகுதான் 1726 பிப்ரவரி வரும். இன்றைய கணக்கில் அது 1727. கல்யாணமாகி ஒன்பதாம் மாதம் பிறந்த பிள்ளையைத்தான் அந்த ஆய்வாளர் அப்படி எழுதியிருக்கிறார். மூலப் பக்கத்தைப் பார்த்திருந்தால் டிசம்பருக்குக் கீழே பிப்ரவரி இருப்பது கண்ணில் பட்டிருக்கும். அவர் பார்த்ததோ இணையத்தில் உள்ள பெயரடைவை மட்டும்.

அடக்கப் பதிவேட்டையாவது பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, அந்தப் பக்கம் ஈரம் பட்டு அழிந்துவிட்டது என்றார். அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சேகரமும் (ஓர் ஆலயத்தின் கீழ் வரும் பகுதி) தன் பதிவுகளின் நகலை ஆண்டுதோறும் ஆயரின் (பிஷப்) அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 1598 முதல் இருந்துவந்த விதி. நாரிச் நகர ஆவணக் காப்பகத்தில் அந்த நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பழுப்பேறிய மையில், அதே தகப்பன் பெயருடன், 'மகன் ஜான், கைக்குழந்தை' 1727 ஆகஸ்டில் அடக்கம் என்றிருந்தது. ஆறு மாதத்தில் இறந்த குழந்தைக்கு 1755இல் கல்யாணம் செய்து வைத்து, அதன் வழியில் என் மாமனாரைக் கொண்டுவந்திருக்கிறார் அந்த ஆய்வாளர்! ஜானுக்கு மேலே உள்ள மூன்று தலைமுறையும் யாரோ ஒருவருடையவை.

இப்படிப்பட்ட வேலையை ஒப்படைப்பவர்கள், ஒவ்வொரு பதிவுக்கும் மூலப் பக்கத்தின் படத்தையும், அந்தப் பெயர் அடக்கப் பதிவேட்டில் தேடப்பட்டதா என்ற விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'பெரும்பாலும் பொருந்தக்கூடிய' வம்சாவளி என்றுதான் ஒப்பந்தத்தில் உள்ளது என்று பதில் வந்தது. பாக்கி 150 பவுண்டுக்கு நினைவூட்டல் கடிதம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.